துறைசாரா விருப்பப் பாடம்: வரலாறும் வளர்ச்சியும்

துறைசாரா விருப்பப் பாடம் என்பது கல்லூரி மாணவர் ஒருவர் தாம் பட்டம் பெறும் முதன்மைத் துறைக்கு வெளியே, வேறொரு துறையிலிருந்து தேர்ந்தெடுத்துப் படிக்கும் பாடமாகும். வேதியியல் மாணவர் ஒருவர் இந்திய அரசியலமைப்பைப் படிப்பதும், வணிகவியல் மாணவி ஒருவர் ஊட்டச்சத்தியல் படிப்பதும் இவ்வகையைச் சேரும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இது 'நான் மேஜர் எலக்டிவ்' என்றும், சுருக்கமாக 'என்.எம்.இ.' என்றும் அழைக்கப்படுகிறது. இந்தியாவின் பிற பகுதிகளில் பொது விருப்பப் பாடம், திறந்த விருப்பப் பாடம், பல்துறைப் பாடம் என வெவ்வேறு பெயர்கள் உள்ளன.

இப்பாடத்தைச் சார்புப் பாடத்துடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. இயற்பியல் மாணவர் கணிதத்தைச் சார்புப் பாடமாகப் படிக்கிறார். அது முதன்மைப் பாடத்திற்குத் துணை நிற்பது; பெரும்பாலும் துறையே அதை முடிவு செய்கிறது. துறைசாரா விருப்பப் பாடம் முதன்மைப் பாடத்திற்குப் பயன்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, கொள்கையளவிலாவது, மாணவருடையது. இந்த உரிமை உலகப் பல்கலைக்கழகங்களில் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. அனைவரும் ஒன்றையே படிக்க வேண்டுமா, அவரவர் விரும்பியதைப் படிக்கலாமா என்ற கேள்வியைச் சுற்றி இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் விவாதத்தின் ஒரு பகுதியே இதன் வரலாறு.

விருப்பத் தேர்வின் தொடக்கம்

இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இலக்கணம், தருக்கம், சொற்கலை ஆகிய மூன்றும், எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய நான்கும் சேர்ந்த ஏழு கலைகள் அடிப்படைக் கல்வியாக இருந்தன. மருத்துவம், சட்டம், இறையியல் போன்ற உயர்படிப்புகளுக்குச் செல்வோர் முதலில் இவற்றைக் கற்க வேண்டும். பின்னர் அமெரிக்காவில் தோன்றிய கல்லூரிகளும் இம்மரபின் வழியிலேயே இலத்தீன், கிரேக்கம், கணிதம், ஒழுக்கவியல் ஆகியவற்றை எல்லா மாணவர்க்கும் பொதுவாக விதித்தன. ஓர் ஆண்டு மாணவர்கள் அனைவரும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படித்தனர். முதன்மைத் துறை என்ற கருத்தே அப்போது இல்லை. ஆகவே துறைக்கு வெளியே என்ற கருத்தும் இல்லை.

இந்நிலையில் மாற்றம் கொண்டுவந்த தொடக்க முயற்சிகளுள் ஒன்று வர்ஜீனியா பல்கலைக்கழகம். தாமஸ் ஜெபர்சன் நிறுவிய இப்பல்கலைக்கழகம் 1825ஆம் ஆண்டு எட்டுப் பள்ளிகளுடன் திறக்கப்பட்டது. எந்தப் பள்ளியின் விரிவுரைகளைக் கேட்பது என்பதை மாணவரே முடிவு செய்யலாம் என்பது அங்கு விதியாக இருந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1828இல் யேல் கல்லூரி வெளியிட்ட அறிக்கை இதற்கு நேர்மாறான நிலையை எடுத்தது. மனத்தைப் பயிற்றுவிப்பதே கல்லூரியின் முதற்கடமை, அதற்குச் செவ்வியல் மொழிகளும் கணிதமும் அனைவர்க்கும் வேண்டும் என்று அந்த அறிக்கை வாதிட்டது. அதன் செல்வாக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் பல பத்தாண்டுகள் நீடித்தது.

ஹார்வர்டும் சார்லஸ் எலியட்டும்

விருப்பத் தேர்வு முறையை முழுமையாக நடைமுறைப்படுத்தியவர் சார்லஸ் வில்லியம் எலியட். வேதியியல் ஆசிரியரான இவர் 1863 முதல் 1865 வரை ஐரோப்பாவில் தங்கி, அங்குள்ள கல்வி நிறுவனங்களின் நடைமுறைகளை ஆராய்ந்தார். கற்பவரின் சுதந்திரத்தை மதித்த ஜெர்மானியப் பல்கலைக்கழக மரபு அமெரிக்கக் கல்வியாளர் பலரைக் கவர்ந்த காலம் அது. 1869இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராகப் பொறுப்பேற்ற எலியட், 1909 வரை நாற்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

அவரது காலத்தில் கட்டாயப் பாடங்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. முதலில் மேல் வகுப்புகளிலும் பின்னர் முதலாண்டிலும் இம்மாற்றம் வந்தது. 1890களின் இறுதியில் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியைத் தவிர ஏறக்குறைய அனைத்தும் விருப்பப் பாடங்களாகிவிட்டன. இயற்கை அறிவியலும் தற்கால மொழிகளும் வரலாறும் பொருளியலும் செவ்வியல் மொழிகளுக்கு இணையான இடத்தைப் பெற்றதற்கு இம்முறை ஒரு முக்கியக் காரணம். மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்ததால்தான் புதிய துறைகளில் ஆசிரியர்களை அமர்த்தவும் முடிந்தது.

எதிர்ப்பும் வலுவாக இருந்தது. 1885இல் நியூயார்க்கில் நடந்த பொது விவாதம் ஒன்றில் எலியட்டும் பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் மக்கோஷும் மோதினர். பதினெட்டு வயது இளைஞருக்குத் தமக்கு எது தேவை என்பது தெரியும் என்பது எலியட்டின் நம்பிக்கை. அடிப்படைகளைக் கல்லூரி வரையறுக்காவிட்டால் மாணவர்கள் எளிதானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வர் என்பது மக்கோஷின் அச்சம். இன்றுவரை விருப்பப் பாடங்களைப் பற்றிய விவாதம் இவ்விரு நிலைகளுக்கு இடையேதான் நடைபெறுகிறது.

எலியட்டுக்குப் பின் தலைவரான அபட் லாரன்ஸ் லோவெல் நடுவழி ஒன்றைக் கண்டார். மாணவர்கள் தொடர்பற்ற தொடக்கநிலைப் பாடங்களைச் சேர்த்துப் பட்டம் பெறுகின்றனர் என்பது அவரது குறை. 1910இல் ஏற்கப்பட்ட புதிய விதியின்படி ஒவ்வொரு மாணவரும் ஒரு துறையில் ஆழமாகப் படிக்க வேண்டும். மீதமுள்ளவற்றில் ஒரு பகுதியைப் பிற துறைகளில் பரவலாகப் படிக்க வேண்டும். முதன்மைத் துறையும், அதற்கு வெளியே பகிர்ந்து படிக்க வேண்டிய பாடங்களும் என்ற அமைப்பு இவ்வாறு உறுதிப்பட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் துறைசாராப் பாட முறைக்கு இதுவே நெருங்கிய முன்னோடி.

பொதுக்கல்வி இயக்கம்

முதல் உலகப்போரின் பின் மற்றொரு கருத்து வளர்ந்தது. மாணவர் தம் விருப்பப்படி பிற துறைகளைத் தொட்டுச் செல்வது போதாது, குடிமக்கள் அனைவர்க்கும் பொதுவான ஓர் அறிவுத் தளம் வேண்டும் என்பது அக்கருத்து. கொலம்பியா கல்லூரி 1919இல் 'சமகால நாகரிகம்' என்ற பாடத்தை எல்லா மாணவர்க்கும் கட்டாயமாக்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் ஹார்வர்டு குழு ஒன்று சுதந்திரச் சமுதாயத்தில் பொதுக்கல்வி குறித்து வெளியிட்ட அறிக்கை, அதன் அட்டையின் நிறத்தால் 'சிவப்பு நூல்' என்று பெயர் பெற்றது. கலை, சமூக அறிவியல், இயற்கை அறிவியல் ஆகிய மூன்றிலும் பொதுப் பாடங்களை அது பரிந்துரைத்தது.

ஆக, துறைக்கு வெளியே படிப்பதற்கு இரு வழிகள் உருவாயின. ஒன்று மாணவரே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடம். மற்றொன்று நிறுவனம் விதிக்கும் பொதுப் பாடம். இந்தியாவுக்கு முதலில் வந்தது இரண்டாம் வழியே.

தகுதிப்புள்ளி என்னும் அளவை

எல்லோரும் ஒன்றையே படிக்கும்போது ஒருவர் எவ்வளவு படித்தார் என்று கணக்கிடத் தேவையில்லை. ஆளுக்கு ஒன்றைப் படிக்கத் தொடங்கியதும் பாடங்களை ஒப்பிட ஓர் அளவை தேவைப்பட்டது. கிரெடிட் எனப்படும் தகுதிப்புள்ளி இத்தேவையிலிருந்து வளர்ந்தது. 1905இல் தொடங்கப்பட்ட கார்னகி அறக்கட்டளை கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தது. அதில் சேர விரும்பிய கல்லூரிகள் மாணவர் சேர்க்கைக்கு உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக் குறிப்பிட்ட அலகுகளில் அளந்து கேட்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஓராண்டில் ஒரு பாடத்திற்கு 120 மணி நேர வகுப்பு ஓர் அலகு எனக் கொள்ளப்பட்டது. இந்த அறக்கட்டளையின் அறங்காவலர் குழுவிற்கு முதல் தலைவராக இருந்தவரும் எலியட்டே.

இன்று இந்தியாவில் ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பு அல்லது இரண்டு மணி நேர ஆய்வகப் பயிற்சி ஒரு தகுதிப்புள்ளியாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு பாடத்திற்குக் கல்லூரி எவ்வளவு மதிப்பு தருகிறது என்பதை அதன் தகுதிப்புள்ளியைக் கொண்டே அறியலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொடக்க காலம்

1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்திப் பட்டம் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை. இவ்வமைப்பில் மாணவரின் விருப்பத்திற்கு இடம் குறைவு. ஒரே வினாத்தாளைப் பல ஊர்களிலுள்ள மாணவர்கள் எழுத வேண்டியிருந்ததால் பாடங்களும் ஒரே சீராக இருந்தன.

இப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சட்டமும் பயின்று புதுக்கோட்டையில் நீதிபதியாகப் பணியாற்றினார். ஆனால் இன்று அவர் நினைக்கப்படுவது கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தமைக்காக. அத்தமிழ்ப் புலமை அவரது பட்டப்படிப்பின் முதன்மைப் பொருளாக இருந்ததன்று.

கட்டாயப் பாட முறையின் மறுபக்கத்தைக் கணிதமேதை சீனிவாச இராமானுஜனின் மாணவப் பருவம் காட்டுகிறது. அக்காலத்தில் பி.ஏ. வகுப்பிற்குச் செல்ல எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெற வேண்டும். அதற்கு ஆங்கிலம், கணிதம், உடலியல், வரலாறு, மொழி என விதிக்கப்பட்ட எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி தேவை. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன் கணிதத்திலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தோல்வியடைந்தார், உதவித்தொகை பறிபோனது. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் அவரால் வெற்றி பெற இயலவில்லை. உடலியல் அவருக்குப் பெரும் தடையாக இருந்தது. பட்டம் இல்லாத அவருக்கு 1913இல் அதே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது.

இராமானுஜனைப் பொதுவிதியாகக் கொள்ள முடியாது. எனினும் இந்நிகழ்வு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. பல பாடங்களைப் படிப்பது என்பது வேறு. தம் நாட்டத்திற்கு ஒவ்வாத பாடங்களில் தோற்றதற்காகக் கல்வியிலிருந்தே வெளியேற்றப்படுவது என்பது வேறு. பிற்காலத்தில் வந்த விருப்பப் பாட முறை, பரந்த கல்வியை வேண்டியபோதிலும் எந்தப் பிற துறை என்பதை மாணவரிடம் விட்டுவிட முயன்றது.

இருபதாம் நூற்றாண்டில் பட்டப்படிப்பு மொழி, ஆங்கிலம், சிறப்புப் பாடம் எனப் பகுதிகளாகப் பிரிந்தது. 'பகுதி' என்ற இச்சொல் இன்றும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வழங்குகிறது. பகுதி 3இல் உள்ள முதன்மைப் பாடமும் சார்புப் பாடங்களும் மாணவரின் அடையாளமாயின. பிற துறைகளை எட்டிப் பார்க்கும் வழி குறுகியது.

விடுதலைக்குப் பிந்தைய பரிந்துரைகள்

1948இல் எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949இல் அறிக்கை அளித்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், ஜாகிர் உசேன், மேகநாத் சாகா ஆகியோருடன் அமெரிக்கக் கல்வியாளர்களான ஆர்தர் மார்கன், ஜான் டைகர்ட் ஆகியோரும் இக்குழுவில் இருந்தனர். இந்தியப் பட்டப்படிப்பில் மிகையான துறைப்பிரிவு புகுந்துவிட்டது, அதைச் சரிசெய்யப் பொதுக்கல்வியைத் தாமதமின்றிப் புகுத்த வேண்டும் என்று இக்குழு கூறியது. அறிவியல் மாணவர்க்கு மானிடவியல் துறைகளும், கலை மாணவர்க்கு அறிவியலும் அறிமுகமாக வேண்டும் என்பது இதன் சாரம்.

1950களில் அலிகார், பரோடா போன்ற பல்கலைக்கழகங்கள் பொதுக்கல்விப் பாடங்களை முயன்று பார்த்தன. ஆனால் இம்முயற்சி நாடு முழுவதும் வேரூன்றவில்லை. தனித்தனித் துறைகளாக அமைந்த ஆசிரியர் பணியிடங்களும், இணைப்புக் கல்லூரிகள் அனைத்திற்கும் ஒரே தேர்வு நடத்தும் முறையும் இதற்கு இடையூறாக இருந்தன. எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத பாடத்தை யார் நடத்துவது, யார் திருத்துவது என்ற எளிய கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் பல திட்டங்கள் நின்றுபோயின.

1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி குழு, பட்டப்படிப்பில் பாடச் சேர்க்கைகள் மேலும் நெகிழ்வாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தகுதியான கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கலாம் என்ற அதன் கருத்து தமிழ்நாட்டில் முதலில் பலன் தந்தது. 1978இல் நாட்டின் முதல் தன்னாட்சிக் கல்லூரிகள் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழ் உருவாயின. சென்னைக் கிறித்துவக் கல்லூரி, இலயோலாக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி ஆகியவை இவற்றுள் அடங்கும். பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துத் தேர்வையும் தாமே நடத்தும் உரிமை கிடைத்ததால், பருவ முறையையும் துறை கடந்த பாடங்களையும் சோதித்துப் பார்க்க இக்கல்லூரிகளால் முடிந்தது.

தொழில்நுட்பக் கல்வியிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. அமெரிக்காவின் ஒன்பது கல்வி நிறுவனங்களின் ஒத்துழைப்புடன் வளர்ந்த கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம், பொறியியல் மாணவர்கள் மானிடவியல், சமூக அறிவியல் பாடங்களைப் படிப்பதைப் பாடத்திட்டத்தின் அங்கமாக்கியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் பிற துறைப் பாடங்கள் 'திறந்த விருப்பப் பாடம்' என்ற பெயரில் இடம்பெற்றன.

தமிழ்நாட்டில் பகுதி 4

துறைசாரா விருப்பப் பாடம் தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகள் அனைத்திற்கும் பரவியது 2008-09 கல்வியாண்டில். விருப்பத் தேர்வுடன் கூடிய தகுதிப்புள்ளி முறை அவ்வாண்டு மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் இதற்கான பொது அமைப்பை வகுத்தது. இதன்படி இளநிலைப் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளாக அமைந்தது. பகுதி 1 தமிழ் அல்லது பிற மொழி. பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3 முதன்மைப் பாடம், சார்புப் பாடம், துறைசார்ந்த விருப்பப் பாடம். பகுதி 4 துறைசாரா விருப்பப் பாடம், திறன்சார் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி. பகுதி 5 நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணிகள்.

பகுதி 4இல் தமிழ்நாட்டிற்கே உரிய ஏற்பாடு ஒன்று உள்ளது. பள்ளியில் தமிழ் படிக்காதவர் கல்லூரியிலும் பகுதி 1இல் வேறு மொழியை எடுத்தால் அவர் 'அடிப்படைத் தமிழ்' படிக்க வேண்டும். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழிக்கு மாறியவர் 'சிறப்புத் தமிழ்' படிக்க வேண்டும். பகுதி 1இல் தமிழையே எடுத்தவர்க்குத்தான் துறைசாரா விருப்பப் பாடம். இதனால் ஒரே வகுப்பு மாணவர்கள் அந்த மணி நேரத்தில் மூன்றாகப் பிரிந்து செல்வர். இந்தி, பிரெஞ்சு, சமஸ்கிருதம் போன்றவற்றைப் பகுதி 1இல் எடுத்த மாணவருக்குத் தமிழே துறைக்கு வெளியே படிக்கும் பாடமாகிவிடுகிறது.

சென்னைப் பல்கலைக்கழக அமைப்பில் இப்பாடம் முதல் இரண்டு பருவங்களில் ஒவ்வொன்றுக்கும் 2 தகுதிப்புள்ளி வீதம் அமைந்தது. வேறு சில பல்கலைக்கழகங்கள் மூன்றாம், நான்காம் பருவங்களில் வைத்தன. பாரதியார் பல்கலைக்கழகம் யோகக் கல்வி, மகளிர் உரிமைகள், பொது அறிவு போன்ற பொதுத் தலைப்புகளை இவ்விடத்தில் அமைத்தது. அங்கு இது தேர்ந்தெடுக்கும் பாடம் என்பதைவிட அனைவர்க்குமான பொதுப் பாடம் என்ற தன்மையை மிகுதியாகப் பெற்றது.

அகில இந்திய அளவில்

பல்கலைக்கழக மானியக் குழு 11ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பருவ முறையையும் விருப்பத் தேர்வுத் தகுதிப்புள்ளி முறையையும் வலியுறுத்தியது. 2009இல் அறிக்கை அளித்த யஷ்பால் குழு, துறைகளுக்கிடையே எழுப்பப்பட்டுள்ள சுவர்களைக் கடுமையாக விமர்சித்தது. தில்லிப் பல்கலைக்கழகம் 2013இல் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கி, எல்லா மாணவர்க்கும் 11 அடித்தளப் பாடங்களை விதித்தது. பட்டப்படிப்பின் தரம் குறைகிறது என்ற எதிர்ப்பும் பிற காரணங்களும் சேர்ந்து, 2014 ஜூன் மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

2015இல் மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல் பாடங்களை அடிப்படைப் பாடம், துறைசார் விருப்பப் பாடம், பொது விருப்பப் பாடம், திறன் மேம்பாட்டுப் பாடம் என வகைப்படுத்தியது. இதில் பொது விருப்பப் பாடமே துறைக்கு வெளியே படிப்பது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2022 டிசம்பரில் வந்த பாடத்திட்ட, தகுதிப்புள்ளிக் கட்டமைப்பு 'பல்துறைப் பாடம்' என்ற வகையைக் கொண்டுவந்தது. பள்ளி மேல்நிலை வகுப்பில் ஏற்கெனவே படித்த பாடங்களை இவ்வகையில் மீண்டும் எடுக்கக் கூடாது என்பது இதன் குறிப்பிடத்தக்க விதி. 2017இல் தொடங்கப்பட்ட 'ஸ்வயம்' இணையதளத்தின் வழியாகப் பிற துறைப் பாடங்களைப் படித்துத் தகுதிப்புள்ளி பெறவும் இன்று வழி உண்டு.

தமிழ்நாட்டில் உயர்கல்வி மன்றம் 2023-24இல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்திலும் துறைசாரா விருப்பப் பாடம் நீடிக்கிறது. அதில் இது திறன் மேம்பாட்டுப் பாடம் என்ற தலைப்பின் கீழ் முதல் இரண்டு பருவங்களில் இடம்பெறுகிறது. 2022இல் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தின் வேலைவாய்ப்புசார் பயிற்சிகளும் பாடத்திட்டத்தில் சேர்ந்துள்ளன.

அளவில் ஓர் ஒப்பீடு

ஒரு பட்டப்படிப்பில் இப்பாடத்திற்குத் தரப்படும் இடத்தை எண்களைக் கொண்டு பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழக அமைப்பில் மொத்தம் 140 தகுதிப்புள்ளிகளில் துறைசாரா விருப்பப் பாடத்திற்கு 4 மட்டுமே. இது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. 2015 வழிகாட்டுதலின்படி சிறப்புநிலைப் பட்டப்படிப்பில் 140இல் 24 பொது விருப்பப் பாடங்களுக்கு உரியவை; இது நூற்றுக்கு 17 அளவு. 2022 கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்தின் 120 தகுதிப்புள்ளிகளில் பல்துறைப் பாடங்களுக்கு 9. இது நூற்றுக்கு 7.5. இவற்றை ஒப்பிடும்போது தமிழ்நாட்டில் மொழிப் பாடங்களுக்கும் சார்புப் பாடங்களுக்கும் தனி இடம் உள்ளதையும் கருத வேண்டும். எனினும் மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் பிற துறைப் பாடத்தின் பங்கு மிகச் சிறியது என்பது தெளிவு.

நடைமுறைச் சிக்கல்கள்

இப்பாடத்தை நடத்துவதற்கு எல்லாத் துறைகளுக்கும் பொதுவான மணி நேரம் கால அட்டவணையில் ஒதுக்கப்பட வேண்டும். அந்நேரத்தில் ஒவ்வொரு துறையும் பிற துறை மாணவர்க்கென ஒரு பாடத்தை வழங்கும். அடிப்படைக் கணிதம், காளான் வளர்ப்பு, மண்புழு உரம் தயாரித்தல், சுற்றுலாவியல், இதழியல், போட்டித் தேர்வுகளுக்கான தமிழ் போன்றவை பரவலாக வழங்கப்படுபவை. ஒரு பாடத்தைப் பலர் விரும்பினால் வகுப்பறையில் இடம் போதாது. ஆகவே விண்ணப்ப வரிசையிலோ, வரிசை எண் அடிப்படையிலோ மாணவர்களைப் பிரித்து அனுப்புவதுண்டு. இன்னும் சில கல்லூரிகளில் ஒரு துறையின் மாணவர் அனைவரும் மற்றொரு துறைக்கு மொத்தமாக மாற்றப்படுகின்றனர். அப்போது 'விருப்பம்' என்பது பெயரளவில் மட்டுமே நிற்கிறது.

ஆசிரியர் தரப்பிலும் சிக்கல் உண்டு. பல துறைகளிலிருந்து வரும் மாணவர்களுக்கு முன்னறிவு ஒரே அளவில் இராது. துறை மாணவர்க்கு நடத்தும் பாடத்தை அப்படியே சுருக்கித் தந்தால் அது புரிவதில்லை. மிகவும் எளிதாக்கினால் பொது அறிவுக் குறிப்பாகிவிடுகிறது. துறைசாரா மாணவர்க்கென்றே தனியாக வகுக்கப்பட்ட பாடத்திட்டமும் பாடநூலும் இருக்கும் இடங்களில்தான் இப்பாடம் பயன் தருகிறது. பட்டத்தின் வகுப்புநிலை பெரும்பாலும் பகுதி 3 மதிப்பெண்களைக் கொண்டே முடிவாவதால், பகுதி 4 பாடங்களைத் தேர்ச்சிக்கு மட்டும் படித்தால் போதும் என்ற எண்ணமும் மாணவரிடையே உள்ளது.

மற்றொரு புறம், முதன்மைப் பாட மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் சிறிய துறைகளுக்கு இப்பாடம் துணையாக இருக்கிறது. தத்துவம், வரலாறு போன்ற துறைகளின் ஆசிரியர்கள் கல்லூரி முழுவதிலிருந்தும் வரும் மாணவர்களைச் சந்திக்கும் இடம் இதுவே.

முக்கியத்துவம்

தமிழ்நாட்டில் ஒரு மாணவர் பதினோராம் வகுப்பில் சேரும்போதே தம் 'குரூப்'பைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். பெரும்பாலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும், அப்பள்ளியில் உள்ள பிரிவுகளும், வீட்டாரின் எதிர்பார்ப்பும் அதை முடிவு செய்கின்றன. அத்தேர்வே கல்லூரித் துறையையும் பெருமளவு தீர்மானிக்கிறது. கணிதப் பிரிவில் சேர்ந்தவர் அதன்பின் வரலாற்றை வகுப்பறையில் காண்பதில்லை. வணிகவியல் பிரிவினர் உயிரியலைக் காண்பதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்குப் பிற துறைகளைப் பற்றி வீட்டில் எடுத்துச் சொல்ல ஆளிருப்பதில்லை. அவருக்குப் பதினைந்து வயதில் மூடப்பட்ட கதவு மீண்டும் திறக்கும் வாய்ப்பு துறைசாரா விருப்பப் பாடத்தில் இருக்கிறது. வாரத்திற்கு இரண்டு மணி நேரமே ஆனாலும், அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளையோ, உணவின் சத்துகளையோ, வங்கிக் கணக்கின் நடைமுறையையோ அத்துறையைக் கற்ற ஆசிரியரிடமே கேட்டறிய முடிகிறது.

எலியட் நம்பியதுபோல் மாணவருக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியும் என்றாலும், தேர்ந்தெடுக்கப் பல பாடங்கள் உண்மையிலேயே இருக்க வேண்டும். மக்கோஷ் அஞ்சியதுபோல் எளியதை நாடும் போக்கு இருந்தாலும், கட்டாயப்படுத்துவது ஒன்றே அதற்குத் தீர்வாகாது என்பதை எஃப்.ஏ. தேர்வு முறையின் அனுபவம் காட்டுகிறது. போதிய தகுதிப்புள்ளி, தனிப் பாடத்திட்டம், தேர்வு செய்யும் முன் பாடங்களைப் பற்றிய விளக்கம், மாணவர் கேட்ட பாடத்திற்கே அனுப்பும் கால அட்டவணை ஆகிய நான்கும் சேரும்போதுதான் துறைசாரா விருப்பப் பாடம் அதன் பெயருக்கு ஏற்றதாக அமைகிறது.